நன்னடத்தைக் கண்காணிப்பு: வேலூர் – ஆம்பூர் வட்டாரம்

குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஓர் அலுவலரின் மேற்பார்வையில் சொந்த ஊரிலேயே இருக்கவிடும் சட்ட ஏற்பாடே நன்னடத்தைக் கண்காணிப்பு. வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை அடங்கிய தோல் தொழில் வட்டாரத்தில் இதன் வரலாற்றைச் சிறை கட்டப்படுவதற்கு முந்தைய காலத்திலிருந்தே சொல்ல வேண்டும்.

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சென்னை மாகாணக் கிராமத் தலைவர்களுக்குச் சில்லறைக் குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரம் தந்தது. வாய்த்தகராறு, சிறு கைகலப்பு என்றால் 12 மணி நேரம் வரை ஊர்ச் சாவடியில் அடைத்துவைக்கலாம். ஆள் 'தாழ்ந்த' சாதி என்றால் 6 மணி நேரம் வரை, காலைப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டலாம். தோல் பதனிடும் வேலை யார் தலையில் விழுந்திருந்தது என்பது தெரிந்தவர்களுக்கு, இந்த வட்டாரம் அடங்கியிருந்த வடாற்காட்டில் இந்த விதி யாருடைய காலைப் பிடித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. குற்றவாளியை உள்ளூரே பார்த்துக்கொள்வது மனிதநேயமானது என்ற இன்றைய நம்பிக்கையை இந்தப் பழைய சட்டத்தின் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

1830இல் வேலூர்த் தொரப்பாடியில் சிறை வந்தது. அதுவே இன்றைய மத்திய சிறை. தண்டனை பெற்றவர்கள் அங்கே போனார்கள். தாலுகா கச்சேரியை ஒட்டிய கிளைச் சிறைகள் வருவாய்த் துறையின் பொறுப்பில், தாசில்தார் மேற்பார்வையில் நடந்தன. நிலக் கணக்கும் வரி வசூலும் பார்க்கும் கச்சேரியே காவல் கைதிக்குச் சோறும் போட்டது. பிற்காலத்தில் அவை சிறைத் துறைக்கு மாறின.

சிறைக்கு வெளியே திருத்தலாம் என்ற யோசனை உலக அளவில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொடங்கியது என்பதை ஆம்பூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். பாஸ்டன் நகரில் காலணிக் கடை வைத்திருந்த ஜான் அகஸ்டஸ், 1841இல் ஒரு குடிகாரருக்கு ஜாமீன் நின்று அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1859இல் இறப்பதற்குள் ஏறக்குறைய 2,000 பேருக்கு அப்படி நின்றார். மாசசூசெட்ஸ் மாநிலம் 1878இல் இதற்குச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1907இல் இயற்றியது.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு, முதல் முறை தவறியவரைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க இடம் தந்தது. ஆனால் வெளியே போனவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த ஆளை ஏற்படுத்தியது சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1936. அது 1937ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாகப் பதிவானது. பின்னர் நாடு முழுமைக்கும் 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது.

இந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் நடப்பில் உள்ளது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், 3 ஆண்டு வரையிலான பத்திரத்தில் ஒருவரை விடுவிக்கலாம். 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிபதி காரணம் எழுதிவைக்க வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும். அறிக்கைக்காக அலுவலர் வீட்டுக்கே போகிறார். குடும்பத்தில் யார் யார், சம்பாதிப்பவர் யார், பையன் யாரோடு சுற்றுகிறான், பழைய வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரிக்கிறார். ஷூ கம்பெனி வண்டி காலையில் ஏற்றிக்கொண்டு போன தாயிடம் இதைக் கேட்க வேண்டுமானால் மாலை வரை காத்திருக்க வேண்டும். பகலில் போனால் அக்கம்பக்கத்தார் சொல்வதுதான் அறிக்கையாகும். சட்டத்தின் 12ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது, ஆனால் தொழிலாளிக்கு மிக வேண்டியது: இச்சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு கிடையாது. நிபந்தனையை மீறினால் 50 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது இன்னொரு பிரிவு. தொகை 1958இல் போட்டது போட்டபடி நிற்கிறது.

தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைக்குள் இருக்கிறது. கேரளத்தில் சமூகநீதித் துறையிடம் இருக்கிறது. சிறைக்கு மாற்றான ஒன்றைச் சிறைத் துறையிடமே ஒப்படைத்தது சரியா என்ற கேள்வி நியாயமானது. நன்னடத்தை அலுவலரின் நேரம் சிறைவாசிகளின் விடுப்பு, முன்விடுதலை விசாரணைகளுக்கும் போகிறது. 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி விடுப்பில் வருபவர், உள்ளூர்க் காவல் நிலையத்தின் கண்ணில் இருக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்று வேலூர்ப் பெண்கள் தனிச்சிறையில் இருந்த நளினி, 2019 ஜூலையில் ஒரு மாத விடுப்பில் வந்து வேலூர் சத்துவாச்சாரியில் தங்கினார். அந்த நாட்களில் அவரைக் கண்காணிக்கும் பொறுப்பு உள்ளூர்க் காவலர்களுக்கு வந்து சேர்ந்தது.

வேலூருக்கு இந்தத் துறையில் தனி இடம் உண்டு. சிறை அலுவலர்களுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சியகம், தென்மாநிலங்களின் கூட்டு முயற்சியாக 1979இல் இங்கே தொடங்கப்பட்டது. மத்திய சிறைக்குள் காலணித் தொழிற்கூடம் இருக்கிறது. காவலர்கள் அணியும் ஷூக்கள் அங்கே தயாராகின்றன. உள்ளே கற்ற வேலைக்கு வெளியே சில கிலோமீட்டரில் தொழிற்சாலைகள் இருக்கும் சிறைகள் நாட்டில் அதிகமில்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மத்திய சிறை இருந்த இடத்திலேயே, ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது.

குற்றவாளியை ஊரில் வைத்தே திருத்துவதென்றால் அதில் உள்ளாட்சிக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி எழுகிறது. சிறையின் சுமையை உள்ளாட்சிக்கு நேரடியாக மாற்றிய பெரிய முயற்சி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. சிறை நெரிசலைக் குறைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் உத்தரவிட, அதே ஆண்டு அக்டோபர் முதல் கடுமையற்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் பதில் கவுண்டி எனப்படும் உள்ளாட்சிகளின் பொறுப்புக்குப் போனார்கள். கூடவே நிதியும் போனது. இந்தியாவில் அப்படி மாற்ற நேரடியான சட்ட வாசல் இல்லை. சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தின் 11ஆம் அட்டவணை வகுத்த 29 பொறுப்புகளிலோ, நகராட்சிகளுக்கு 12ஆம் அட்டவணை வகுத்த 18 பொறுப்புகளிலோ குற்றவாளிகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டம், சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. முதல் முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. குடிபோதையில் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கு 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் ஆகியவற்றோடு இதுவும் ஒரு வழி. வேலை சமூகத்துக்குப் பயன்பட வேண்டும், கூலி கிடையாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் விளக்கம் தருகிறது. ஆம்பூர் நகராட்சியோ, அரசு மருத்துவமனையோ அப்படி ஒருவரை ஏற்றுக்கொண்டால் எத்தனை மணி நேரம் வேலை வாங்குவது, யார் மேற்பார்ப்பது, வராவிட்டால் யாரிடம் சொல்வது என்பவற்றுக்கு அந்தப் பிரிவுகளில் பதில் இல்லை. நாடாளுமன்றம் விட்ட இந்த இடத்தை மாநில அரசு விதிகளால் நிரப்ப வேண்டும். அந்த விதிகளில் நகராட்சிக்கு ஆளும் பணமும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.