நாஞ்சில் நாடு: வடிநிலம் தாண்டி வந்த நீர்

ஓர் ஆற்றின் வடிநிலத்தில் சேரும் நீரை மேட்டைக் குடைந்தோ பள்ளத்தைத் தாண்டியோ வேறோர் ஆற்றின் வடிநிலத்துக்குக் கொண்டுசேர்ப்பதை வடிநிலமாற்று நீர்ப்பாசனம் என்கிறோம். இந்தியாவில் இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 1980-இல் ஒன்றிய அரசு வகுத்த நதிநீர் இணைப்புத் திட்டத்தையே சுற்றி வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாடோ பல தலைமுறைகளாக வேறோர் ஆற்றின் நீரில் விளைந்துவருகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட இப்பகுதி திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றதற்கு அந்த நீரே காரணம்.

மாவட்டத்தின் மேற்குப் பாதியில் கோதையாறும் பறளியாறும் மலையிலிருந்து இறங்கி, திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. கூடிய ஆற்றைக் குழித்துறையாறு என்பார்கள். தாமிரபரணி என்றும் சொல்வதுண்டு. இவ்விரு ஆறுகளின் மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்கே சுருளோடு பக்கத்திலிருந்து வந்து, நாகர்கோவிலையும் சுசீந்திரத்தையும் ஒட்டி மணக்குடியில் கடலில் கலக்கும் பழையாற்றுக்கு அவ்வளவு பெரிய மலைப்பிடிப்பு இல்லை. ஆனால் சமமான வயல்வெளி இருப்பது பழையாற்றின் பக்கம்தான்.

இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்த முதல் வேலை பாண்டியன் கால். பொன்மனை அருகே பறளியாற்றை அணையிட்டுத் தடுத்து, பாறையை வெட்டி, நீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பினார்கள். பாண்டிய மன்னர் ஒருவர் வெட்டியது என்று மரபு சொல்கிறது. அதைத் தாங்கியே பெயரும் நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1750-ஐ ஒட்டி, அதே பறளியாற்றில் புத்தன் அணை எழுந்தது.

நூறாண்டுக்கு மேல் கழித்து, மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், பேச்சிப்பாறையில் கோதையாற்றுக்குக் குறுக்கே பெரிய அணை கட்டும் வேலை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணையருகிலேயே இருக்கிறது. தேக்கிய கோதையாற்று நீரை இடதுகரைக் கால்வாய் புத்தன் அணைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து பாண்டியன் கால் வழியாகப் பழையாறு. பழையாற்றின் அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள், குளங்கள், வயல்கள். 1950-களின் தொடக்கத்தில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணையும், பிறகு சிற்றாறு அணைகள் இரண்டும் சேர்ந்தன. 1966-இல் முடிந்த மாத்தூர் தொட்டிப்பாலம், பட்டணங்கால் கால்வாயின் நீரைப் பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் அதிகமான உயரத்தில், ஏறத்தாழ 1,240 அடி தூரம் சுமந்து செல்கிறது. அந்த நீர் போவது விளவங்கோடு, கல்குளம் பகுதிகளுக்கு. நாஞ்சில் நாட்டுக்கு அல்ல. ஆனாலும் ஆற்றைத் தாண்டி ஆறு போகும் விந்தையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

பயன்கள்

கோதையாறு, பட்டணங்கால் பாசன அமைப்பில் இன்று கணக்கில் உள்ள ஆயக்கட்டு 79,000 ஏக்கர். ஜூன் முதல் பிப்ரவரி வரை அணைகள் திறந்திருப்பதால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் கிடைக்கிறது. இதில் குளங்களின் பங்கு பெரிது. வந்த நீரை நேரே வயலுக்கு விடாமல் குளத்தில் நிறுத்தி, நிரம்பினால் மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்ததால்தான் கால்வாய் நின்ற நாள்களிலும் பயிர் பிழைத்தது, கிணறுகளும் ஊறின. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர் குளங்களில் வந்திறங்கும் பறவைகளும் இந்தப் பாசன ஏற்பாட்டை நம்பி வாழ்பவையே. வடிநிலமாற்றம் என்றாலே இயற்கைக்குக் கேடு என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்பதற்கு இக்குளங்கள் சான்று.

இழப்புகள்

கணக்கின் மறுபக்கம் இப்படித் துலக்கமாக எழுதப்படவில்லை. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் அக்கரையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் படகேறி வரவேண்டியிருக்கிறது. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அவர்கள் கொடுத்துவரும் இந்த விலையை எந்த ஆயக்கட்டுப் பட்டியலிலும் காணோம். நீர் கொடுக்கும் ஆற்றின் முகத்துவாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எடுக்கும் வெள்ளம் ஆற்றைப் பெரிதாக வாட்டாது. கோடையில் எடுக்கும் நீர் அப்படியல்ல. ஆற்றோட்டம் குறைந்தால் உவர்நீர் மேலேறும், கரையோரக் குடிநீர்க் கிணறுகள் கெடும். கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்று சொல்வது இதனால்தான் தவறு.

இன்னொன்று, ஒரே கால்வாயை நம்பி நிற்பதன் ஆபத்து. 2021 நவம்பர் பெருமழையில் மாவட்டத்துக் கால்வாய்க் கரைகள் பல இடங்களில் உடைந்தன. உடைப்பை அடைக்கும்வரை அணையை மூட வேண்டும். அதற்குள் கடைவரம்பு வயல் காய்ந்துவிடும். குளங்கள் தூர்ந்து, வயல்கள் மனைகளாக மாறிவரும் இன்றைய நிலையில், வந்த நீரை நிறுத்திவைக்கும் இடமே சுருங்குகிறது. நீரைக் கொண்டுவருவதற்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட நாம் அதை வாங்கிவைக்கும் குளங்களுக்குக் காட்டவில்லை.

எல்லை தாண்டும்போது

கோதையாற்றுப் பாசன அமைப்பைச் சேர்ந்த தோவாளைக் கால்வாயிலிருந்து பிரியும் ராதாபுரம் கால்வாய், திருநெல்வேலி மாவட்டத்தில் 52 குளங்கள் வழியாக 17,000 ஏக்கருக்கு நீர் கொடுக்க அமைந்தது. ராதாபுரத்துக்காரர்கள் அதை உரிமை என்கிறார்கள். குமரி விவசாயிகள் பலர், தங்கள் தேவை போக மிஞ்சினால்தான் என்கிறார்கள். ‘உபரி’ என்ற சொல்லின் அளவை யார் குறிப்பது என்பதே இங்கே வழக்கு. பாண்டியன் கால் கொண்டுவந்த நீரைத் தன்னுடையதாகவே கருதிப் பழகிய நாஞ்சில் நாடு, அதே நீர் இன்னும் கிழக்கே போகும்போது கொடுப்பவர் இடத்துக்கு வந்துவிடுகிறது.

நெய்யாற்றில் நிலைமை நேர்மாறு. கேரளத்தின் நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கர் பாசனம் பெற்றது. 1956 நவம்பர் 1-இல் இவ்வட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததால் அணை ஒரு மாநிலத்திலும் வயல் மற்றொன்றிலும் ஆயின. 2004 முதல் நீர் வரவில்லை. தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரியாற்று நீரை 1895 முதல் வைகைக்குக் கொண்டுவரும் முல்லைப் பெரியாறு குறித்த நெடிய தகராறும், பம்பை, அச்சன்கோவில் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்தைக் கேரளம் ஏற்க மறுப்பதும் இதே வகை.

உலக அளவில் எச்சரிக்கையாகக் காட்டப்படுவது ஏரல் கடல். 1960-கள் முதல் அதில் விழும் இரு ஆறுகளின் நீரையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் அந்தக் கடலே பெரும்பாலும் வற்றிப்போனது. கோதையாற்றில் அந்த அளவு நீர் எடுக்கப்படவில்லை. கொடுக்கும் மலையில் மழை மிகுதி, தூரம் சிறிது, பேச்சிப்பாறைக்கும் மணக்குடிக்கும் இடையில் மாவட்ட எல்லைகூட இல்லை. நாஞ்சில் நாட்டின் வெற்றியைக் காட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் இணைப்புகளுக்கு வாதாடுவோர் இந்த மூன்றையும் கூடவே சொல்ல வேண்டும்.