ஓதம் காணாக் கரையில் ஓதத்தின் பெயர்

ருமேனியம் இலத்தீனின் வழிவந்த மொழி. ஆகவே அறிவியல் நூல்களில் பயிலும் 'ஃப்ளுக்ஸ்' என்னும் சொல் அதற்குப் பிறப்புரிமை என்றே எண்ணத் தோன்றும். நானும் நெடுநாள் அவ்வாறு எண்ணியிருந்தேன். சொல்வரலாறு வேறு கூறுகிறது.

'பாய்தல்' எனப் பொருள்தரும் இலத்தீன் வினை 'ஃப்ளுவெரே'. மக்கள் பேச்சின் வழியாக இவ்வினை ருமேனியத்தை வந்தடையவில்லை. அங்கே நீர் பாய்வதற்குரிய வினை 'குர்ஜே'. அதன் மூலமோ, 'ஓடுதல்' எனப் பொருள்படும் 'குர்ரெரே'. (ஆறு 'ஓடுகிறது' என்னும் நமக்கு இதில் வியப்பில்லை.) 'ஃப்ளுக்ஸ்' பிற்காலத்தில் பிரெஞ்சு வழியாக, நூல்களினூடே வந்த சொல். 1860களில் சிரில்லிக் எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்ற அந்த நூற்றாண்டில்தான் இத்தகைய சொற்கள் பெருமளவில் புகுந்தன. மகள், தாய்வீட்டுச் சொல்லை அயல்வீட்டில் கடன் வாங்கினாள்!

அகராதிகள் இச்சொல்லுக்கு முதலில் தரும் பொருள் கடலில் ஓதம் ஏறுதல். ஓதம் வடிதல் 'ரெஃப்ளுக்ஸ்'. ஆனால் ருமேனியாவின் ஒரே கடலான கருங்கடல் ஏறக்குறைய மூடுண்ட நீர்ப்பரப்பு. அங்கே ஓதம் சில சென்டிமீட்டரே; கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது. தன் கரையில் காணாத நிகழ்வுக்கு ஒரு மொழி பெயர் வைத்திருக்கிறது.

அறிவியலில் இச்சொல்லின் போக்கு இன்னும் சிக்கலானது. நியூட்டன் 1671இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1736இல் வெளிவந்த நூலில் 'ஃப்ளக்ஷன்' என்பது மாறும் வீதம். ஃபூரியே 1822இல் ஓரலகுப் பரப்பை ஓரலகு நேரத்தில் கடக்கும் வெப்பத்தை 'ஃப்ளுக்ஸ்' எனக் கொண்டார். மாக்ஸ்வெல் 1873இல் ஒரு திசையனையே அப்பெயரால் சுட்டினார். பரப்பு முழுவதற்குமான கூட்டை 'பாயத்தின் பரப்புத் தொகையீடு' எனப் பிரித்துரைத்தார். பின்வந்த மின்காந்தவியலில் அந்தத் தொகையீடே பாயம் ஆயிற்று. காந்தப் பாயத்தில் எதுவும் பாய்வதில்லை என்பது வேறு.

இக்குழப்பம் மொழிபெயர்ப்பில் வெளிப்படுகிறது. ஆங்கில நூல்களில் வெப்பப் பாயம் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு இத்தனை வாட். ருமேனியப் பொறியியலில் 'ஃப்ளுக்ஸ் தெர்மிக்' முழு வாட். பரப்பால் வகுத்ததற்கு 'அடர்த்தி' என்றோ 'ஓரலகு' என்றோ அடைமொழி வேண்டும். எழுத்தொற்றுமையை நம்பி மொழிபெயர்ப்பவர் ஒரு பரப்பையே தொலைத்துவிடுவார். தமிழிலும் 'வெப்பப் பாயம்' என எழுதும் ஆய்வாளர்கள் முதல் பயன்பாட்டிலேயே அலகைக் குறிப்பிடுவது நலம்.