தண்டையார்பேட்டை தண்ணீரில் எண்ணெய்: ஆய்வுக் கட்டுரைக்கு முன்மொழிவு எழுதுவது எப்படி?

'வடசென்னை மாசு' என்று தலைப்பு போட்டு அனுப்பினால் எடிட்டர் கேட்கும் முதல் கேள்வி: சரி, இதில் உங்க கேள்வி என்ன?

2013-ல் தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்தது ஞாபகம் இருக்கா? பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு என்று தெரியவந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது.

இதை எடுத்துக்கிட்டா கேள்வி சுருங்கும்: 'கசிவுக்குப் பிறகு அந்தத் தெரு மக்கள் எந்தத் தண்ணீரை நம்பினார்கள், அதற்கு யார் காசு கொடுத்தது?' இதற்குப் பதில் தேடிப் போக முடியும்.

தீர்ப்பாய உத்தரவுகளை முதலில் படிங்க. தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள் கையில் கிடைக்கலையா? 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். மேல்முறையீடு என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் மனு போட்டுட்டு முன்மொழிவு எழுதுங்க. கெடு தேதியை அப்புறம் சொல்லலாம்.

முன்மொழிவு ஒரு பக்கம் போதும். கேள்வி, இப்போது ஏன், யாரைச் சந்திப்பீர்கள், எத்தனை வாரம். முக்கியமா, கையில் ஏற்கெனவே என்ன இருக்கு? 'ஆய்வு செய்யவுள்ளேன்' என்பதைவிட, ஒரு வீட்டின் பழைய கேன் தண்ணீர்க் கணக்கு நோட்டு வலுவானது. வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான்.

ஒரு எச்சரிக்கை: 2017 எண்ணூர் கப்பல் மோதல், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் இரண்டும் வேறு கதைகள். ஒரே பத்தியில் கலந்தால், முன்மொழிவு அங்கேயே நின்றுவிடும்.