நம்பியார் எழுதிய பற்றுக் கணக்கு

பாலவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பத்திரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'எங்க வீட்டுப் பிள்ளை' ஓடிக்கொண்டிருந்தது. கஜேந்திரனாக வரும் எம்.என்.நம்பியார் சவுக்கை எடுத்ததுதான் தாமதம்... "கட்டையில போறவனே!" என்று பாட்டி போட்ட சத்தம், கடல் இரைச்சலைத் தாண்டி எங்கள் ஹாலுக்கே கேட்டது. படம் வெளியானது 1965-ல். நம்பியார் காலமானது 2008-ல். இன்னமும் திட்டு விழுகிறது!

இதே பாட்டிதான், கார்த்திகை பிறந்தால் பேரனிடம் "நம்பியார் சாமி மாதிரி விரதம் இருக்கணும்டா" என்று புத்தி சொல்பவர். இருவரும் ஒரே ஆள்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திட்ட வைக்கிறார் என்றால், அந்த மனுஷர் தொழிலை எங்கே கற்றார்?

சினிமாவில் அல்ல. 1919-ல் கேரளத்தின் கண்ணூர் பக்கம் பிறந்து, சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, ஊட்டியில் அக்கா வீட்டில் வளர்ந்த பையன் அவர். பதின்மூன்று வயதுவாக்கில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 'பாய்ஸ் கம்பெனி' என்று அந்தக் காலத்தில் சொல்வார்களே, அந்த ரகம். சாப்பாடு, படுக்கை, பாட்டு, வசனம், அடி, உதை எல்லாம் ஒரே கூரையின் கீழ். உங்கள் வேடத்துக்கு மட்டும் வசனம் தெரிந்தால் அங்கே போதாது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வேடத்தில் ஏறி நிற்கத் தெரிய வேண்டும். கடைசி வரிசை டிக்கெட்காரருக்கும் குரல் போய்ச் சேர வேண்டும்.

அதே குழுவின் 'ராமதாஸ்' நாடகம் 1935-ல் படமானபோது, நம்பியாரும் முதல்முறையாகத் திரையில் தோன்றினார். அதுவும் சிரிப்பு வேடத்தில்!

வில்லனாகவே பிறந்தவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி'யில் (1947) நம்பியாருக்குத் தோழன் வேடம். அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) வேலைக்காரப் பெண்ணைக் காதலிக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. 'திகம்பர சாமியா'ரில் (1950) பதினோரு வேடம் போட்ட கதாநாயகன். 'கல்யாணி'யிலும் (1952) அவர்தான் நாயகன். ஆனால் இடையே 'மந்திரி குமாரி'யின் ராஜகுருவும் (1950), 'சர்வாதிகாரி'யும் (1951) வந்துவிட்டார்கள். ஜனங்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அவருடைய வில்லத்தனத்தைக் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கைகளை மெல்லத் தேய்ப்பார். கண்ணை இடுக்கி, வார்த்தையை மென்று துப்புவார். மிமிக்ரி மேடைகளில் இன்றைக்கும் அதுதான் நம்பியார். நாடக மேடையில் க்ளோசப் கிடையாது. கெட்ட எண்ணத்தைக் கையிலும் தோளிலும்தான் காட்டியாக வேண்டும். அந்த வித்தையைத்தான் அவர் கேமராவுக்கு ஏற்ற அளவில் சுருக்கிக் கொண்டுவந்தார் என்பது என் கட்சி. அதைவிட முக்கியம், எதிராளிக்கு எப்போது கைதட்டல் விழும் என்று தெரிந்து ஒதுங்கி நிற்கும் பக்குவம். எல்லார் வசனத்தையும் மனப்பாடம் செய்த பையனுக்குத்தான் அது வரும்.

நான் பி.காம் படித்தவன். முதல் வருஷத்திலேயே இரட்டைப் பதிவு முறையைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கணக்கில் வரவு எழுதினால், இன்னொரு கணக்கில் பற்று எழுதியே தீரவேண்டும். சும்மா வரவு மட்டும் வராது.

'எங்க வீட்டுப் பிள்ளை'யை இந்தக் கண்ணோடு பாருங்கள். கோழை ராமுவின் முதுகில் நம்பியாரின் சவுக்கு விழுகிறது. பாதிப் படம் வரை தியேட்டரே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு இன்னொரு எம்.ஜி.ஆர். வந்து அதே சவுக்கைப் பிடுங்குகிறார். விசில் பறக்கிறது! சவுக்கு கைமாறும் அந்த ஒரு நொடி, எம்.ஜி.ஆர். கணக்கில் வரவு. அதற்கு முன்னால் விழுந்த அத்தனை அடியும் நம்பியார் கணக்கில் பற்று. அடி வலிக்காமல் போயிருந்தால் விசில் ஏது?

அதே 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவ'னில் கடற்கொள்ளைக்காரர் தலைவன். படத்துக்குப் படம் இதே வேலை. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அதற்குக் கட்சி உழைப்பு, அரசியல் சூழல் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் 'அநியாயத்தைத் தட்டிக் கேட்பவர்' என்ற நம்பிக்கையும் அதில் ஒன்றல்லவா? தட்டிக் கேட்க, அநியாயம் ஒன்று கண்முன் நிற்க வேண்டாமா? வருஷக்கணக்காக அதுவாக நின்றவர் நம்பியார். வாக்குச்சாவடிக்குள் நாம் எதை எடுத்துக்கொண்டு போனோம் என்று யோசித்தால், லேசாக வயிற்றைக் கலக்குகிறது.

எம்.ஜி.ஆர். படங்கள் நின்ற பிறகு நம்பியார் அழுது புலம்பவில்லை. 1982-ல் பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு'வில் குஸ்தி வாத்தியாராக வந்து, ஊரையே தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். மாமிசம் இல்லை, மது இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சபரிமலை. 2008 நவம்பர் 19-ம் தேதி, மாலை போடும் கார்த்திகை மாதத்தில், 89 வயதில் போய்ச் சேர்ந்தார்.

படம் முடிந்ததும் பாட்டியிடம் போய், "ஏன் பாட்டி, சாமியைப் போய் இப்படித் திட்டலாமா?" என்றேன்.

"அவர் சாமிதான்டா. யார் இல்லேன்னா? அதுக்காக, அந்தப் புள்ளைய அந்த அடி அடிச்சதை விட்டுட முடியுமா?" என்றார்.

அறுபது வருஷமாகியும் பாட்டி அந்தக் கணக்கை மூடவில்லை. நம்பியார் கேட்டிருந்தால் கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரித்திருப்பார்.