நிலவறை இல்லமான கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும் கனடாவிலும் உள்ள வீடுகள் பலவற்றில், தரைக்குக் கீழே, வீட்டின் அளவுக்கே அகன்ற ஓர் இடம் உண்டு. அதனை அந்நாட்டார் ‘பேஸ்மென்ட்’ என்பர். நாம் நிலவறை எனலாம். நிலவறை என்றதும் நமக்குப் பழைய அரண்மனையும் கோயிற் கருவூலமும் நினைவுக்கு வரும். அவர்களுக்கோ அது அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. இருளும் ஈரமும் நிறைந்த அந்தப் பள்ளத்தை, மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் தம் கைகளாலேயே பலகை அடித்து, விளக்கிட்டு, வாழும் அறையாக மாற்றிக்கொள்வது அங்குள்ள நடுத்தரக் குடும்பங்களின் பெருவழக்கு. இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? அதனால் விளைந்த நன்மை யாது? அதற்காக அவர்கள் கொடுத்த விலை யாது? இவற்றை இன்று காண்போம்.

நிலவறை ஏன் உண்டாயிற்று என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை அந்நாட்டுக் குளிரில் இருக்கிறது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து பருக்கிறது. பருக்கும்போது மேலே நிற்கும் சுவரைத் தூக்குகிறது. இளவேனிலில் உருகும்போது சுவர் மீண்டும் தாழ்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறு ஏறி இறங்கும் சுவர் வெடிக்காமல் என் செய்யும்? ஆகவே உறைபனி எட்டாத ஆழத்தில் கடைக்கால் இட வேண்டியதாயிற்று. மின்னசோட்டா மாநிலத்தின் கட்டட விதி, தென்பகுதியில் 42 அங்குல ஆழமும் வடபகுதியில் 60 அங்குல ஆழமும் வேண்டும் என்கிறது. நான்கைந்து அடி தோண்டியவர் இன்னும் மூன்றடி தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும். கடைக்காலின் தேவையால் கிடைத்த மிகுதியே நிலவறை. குளிர் குறைந்த தென் மாநிலங்களில் அது அருகிக் காணப்படுவதற்கும் இதுவே ஒரு காரணமாகும்.

பழைய நாளில் அந்த இடத்தில் எவரும் வாழ நினைக்கவில்லை. சுவர்கள் வயற்கற்களாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. தரை வெறும் மண். ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாத குளிர்ச்சி உடையதாகையால் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் ஊறவைத்த காய்களும் கெடாமல் இருக்க அது உதவியது. அதாவது, அது ஒரு களஞ்சியம், அவ்வளவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் களஞ்சியத்திற்குள் உலை வந்து சேர்ந்தது. அறைதோறும் அடுப்பு மூட்டிக் குளிர் காய்ந்த நிலை மாறி, கீழே ஒரே உலையை வைத்து வீடு முழுவதையும் சூடாக்கும் முறை பரவலாயிற்று. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மார்ஷல்டவுன் என்னும் ஊரில் டேவ் லெனாக்ஸ் என்பவர் எஃகுத் தகடுகளை ஆணி அறைந்து இணைத்த நிலக்கரி உலைகளை விற்க 1895இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். சூடான காற்று தானே மேலே எழும். விசிறி இல்லாத அந்த உலைகளுக்கு அவ்வியல்பே துணை. எனவே உலை வீட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்தாக வேண்டும். அதிலிருந்து பருத்த குழாய்கள் நாற்புறமும் கிளைத்து மேலே சென்றன. அதன் தோற்றத்தைக் கண்ட மக்கள் ‘ஆக்டோபஸ்’ என்னும் கடல்வாழ் உயிரின் பெயரையே அதற்கு இட்டனர். உலைக்குப் பக்கத்தில் கரிக்கிடங்கு. தெருவிலிருந்து கரியைச் சரித்துவிட ஒரு சரிவுக் குழாய். அள்ளிக் கொட்டச் சாம்பல் வாளி. காலையும் மாலையும் யாரேனும் ஒருவர் கீழே இறங்கி உலைக்குக் கரி இட்டுத் திரும்புவர். அங்கே அமர்ந்து பேச யார் விரும்புவார்?

அந்த இடத்தை மனிதருக்கு மீட்டுத் தந்தது எரிபொருள் மாற்றமே. எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. மின்விசிறி பொருத்திய சிறிய உலைகள் வந்தன. கரிக்கிடங்கு வேண்டாததாயிற்று, சாம்பலும் ஒழிந்தது. குடிக்கணக்கின் எண்கள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1940ஆம் ஆண்டில் அந்நாட்டு வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 நிலக்கரியால் சூடேற்றப்பட்டன. 1960இல் அது நூற்றுக்கு 12 ஆகக் குறைந்தது. 1970இல் மூன்றே ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் இலட்சக்கணக்கான வீடுகளின் அடியில் ஓர் அறையளவு இடம் வெறுமையாகக் கிடைத்தது. விலை கொடுத்து நிலம் வாங்க வேண்டியதில்லை. சுவர் எழுப்ப வேண்டியதில்லை. கூரை போட வேண்டியதில்லை. எல்லாம் முன்னரே இருந்தன.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? செய்வதற்குக் கருவியும் பொருளும் வேண்டும். அவையும் அக்காலத்தே கைக்கு எட்டின. ஹார்மன் பாமர் என்பவர் உட்புழையுள்ள கான்கிரீட் கற்களை வார்க்கும் பொறிக்கு 1900இல் காப்புரிமை பெற்றிருந்தார். அக்கற்களால் நிலவறைச் சுவர்கள் நேராகவும் ஒழுங்காகவும் எழுந்தன. சுண்ணச் சாந்து பூசுவது பல ஆண்டுப் பயிற்சி பெற்ற கொத்தருக்கே கைவந்த கலை. அதற்கு மாற்றாக, இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை 1910களில் விற்பனைக்கு வந்தது. அதனைக் கத்தியால் கீறி, ஒடித்து, ஆணியால் அறைந்துவிடலாம். துப்பாக்கியைப் போலக் கைப்பிடியும் விசையும் அமைந்த மின் துளைக்கருவிக்குப் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. முதலில் தொழிற்சாலைகளுக்கு உரியதாயிருந்த அக்கருவியின் எளிய வகையை, வீட்டில் பயன்படுத்துவோருக்கென்று அந்நிறுவனம் 1946இல் விற்கத் தொடங்கியது. 1934ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் மேம்படுத்தவும் வங்கிகள் தரும் கடனுக்கு அரசின் காப்புறுதி அளித்தது. இவ்வாறு கொத்தரின் கலை பலகையாயிற்று. தச்சரின் வலிமை மின்சாரமாயிற்று. முதலோ கடனாகக் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பினர். மணவாழ்வு தொடங்கினர், பிள்ளைகள் பெருகினர், வீடுகளோ சிறியன. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை எழுந்த லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. செலவைக் குறைக்க நிலவறையே தோண்டாமல் கான்கிரீட் தளத்தின்மேல் அவற்றைக் கட்டினர். அங்குக் குடியேறியவர்கள் முற்றுப்பெறாதிருந்த மேல்மாடத்தைத் தாமே பலகை அடித்து அறையாக்கிக்கொண்டனர். நிலவறை உள்ள ஊர்களில் மக்கள் கீழே இறங்கினர். அங்கே கலையோ குறையோ பார்ப்பார் இல்லை. மேலே வரவேற்பறையில் ஓர் ஆணி கோணினால் வருவோர் காண்பர். கீழே கோணினால் குடும்பத்தார் மட்டுமே காண்பர். ஆதலால் தொழில் பழகுவதற்கு நிலவறை தக்கதொரு பள்ளியாய் அமைந்தது. கணக்கரும் ஆசிரியரும் விற்பனையாளரும் அங்கே தச்சராயினர். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘டைம்’ இதழ், ‘நீயே செய்’ என்னும் இவ்வியக்கத்தைத் தன் அட்டைப்படத்திற்குரிய பொருளாகவே கொண்டது. தன் கையே தனக்குதவி என்னும் நம் பழமொழி அங்கே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது எனலாம்.

அவர்கள் செய்த அறை எப்படி இருந்தது? முடிச்சுகள் தெரியும் பைன் மரப்பலகைச் சுவர், ஒன்பது அங்குலச் சதுரத் தரைவில்லை, மேசைப்பந்து ஆட ஒரு மேசை, ஒரு மூலையில் வானொலி, பின்னாளில் தொலைக்காட்சி. பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடலாம். மேலே உள்ளோர்க்கு இடையூறில்லை. வீட்டின் அடியில் வீட்டுக்குள்ளேயே ஒரு விளையாட்டுத் திடல் கிடைத்தது.

ஆனால் காலம் ஒரே நிறமாய் இருப்பதில்லை. அணுகுண்டின் அச்சம் பரவியபோது அதே நிலவறை வேறொரு பொருள் பெற்றது. 1959இல் அரசின் குடிமக்கள் பாதுகாப்புத் துறை ஒரு சிறு நூலை வெளியிட்டது. அணுத்தூசியிலிருந்து தப்ப, நிலவறையின் மூலையில் கான்கிரீட் கற்களை அடுக்கி ஒரு காப்பிடத்தை வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும் முறையை அது விளக்கியது. 1961ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், பெர்லின் நெருக்கடியின்போது, குடியரசுத் தலைவர் கென்னடி நாட்டு மக்களிடம் காப்பிடங்களைப் பற்றி உரையாற்றினார். எண்ணிப் பார்த்தவர் பலர். கட்டி முடித்தவர் சிலரே. எனினும் மேசைப்பந்து மேசையையும் அணுக்காப்பிடத்தையும் ஒரே அறையில், ஒரே சுத்தியலால் செய்ய நினைத்த காலம் அது.

இனி, இக்கதையின் மற்றொரு பக்கத்தைக் காண்போம். சுவரைப் பலகையால் மூடிவிட்டால் சுவருக்கு அப்பால் இருக்கும் மண் இல்லாமற் போய்விடுமா? விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போலக் கான்கிரீட் மண்ணின் ஈரத்தை ஏற்றும். வீட்டினுள் உள்ள வெப்பக் காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டதும் அதிலுள்ள ஆவி நீராகும். ஈரச் சுவரின்மேல் மரச்சட்டமும், அதன்மேல் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையும் அறைந்தால், பூஞ்சணத்திற்கு விருந்து வைத்ததாகும். சில ஆண்டுகளில் பலகைக்குப் பின்னே சுவர் கறுக்கும், அறை நாறும், குழந்தைகளுக்கு இருமல் தொடங்கும். அழகிய தரைவில்லைகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்ததும், அவற்றை உடைத்தால் எழும் தூசி நுரையீரலுக்கு நஞ்சென்பதும் பின்னரே பரவலாக அறியப்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்றும் இருந்தது. 1984 டிசம்பரில் பென்சில்வேனியா மாநிலத்து லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஒருவர், கதிரியக்கம் அறியும் பொறியைக் கடந்தபோதெல்லாம் மணி ஒலித்தது. ஆராய்ந்து பார்த்தபோது, கதிரியக்கம் நிலையத்திலிருந்து அவர்மேல் படியவில்லை, அவருடைய வீட்டிலிருந்தே வந்தது என்று தெரிந்தது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நிலவறையின் விரிசல் வழியே அது வீட்டினுள் புகுகிறது. அதனால் உண்டாகும் நுரையீரல் புற்றுநோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 21,000 பேர் இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டுள்ளது. தீர்வு எளியது. தளத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் வைத்து, விசிறியால் அவ்வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றிவிடலாம். ஆனால் சோதித்துப் பார்த்தவர்க்கே அது தெரியவரும்.

மூன்றாவது, தீ. படிக்கட்டு ஒன்றே வழியாக உள்ள அறையில் உறங்குவோர், அப்படிக்கட்டில் தீப்பற்றினால் எங்கே செல்வர்? 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பு, மனிதர் வாழும் நிலவறைக்கு வெளியேறத்தக்க திறப்பு ஒன்று கட்டாயம் வேண்டும் என்றது. அந்தச் சாளரம் திறந்த நிலையில் 5.7 சதுர அடிக்குக் குறையக் கூடாது. அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்திற்கு மேல் இருக்கக் கூடாது. தீயணைப்பு வீரர் ஒருவர் தம் கருவிகளுடன் உள்ளே நுழையவும், இல்லத்தார் வெளியே ஏறவும் வேண்டும் என்னும் எண்ணத்தில் பிறந்தவை இவ்வளவுகள்.

இவ்விதிகளைத் தொல்லை என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றிரவு ‘ஐடா’ புயலின் எச்சம் நியூயார்க் மாநகரின்மேல் பொழிந்தது. மாநகரின் நடுப்பூங்காவில் ஒரு மணி நேரத்தில் 3.15 அங்குல மழை பதிவாயிற்று. தெருவில் ஓடிய வெள்ளம் நிலவறைகளுக்குள் இறங்கியது. நீரின் எடையால் கதவுகள் திறக்க மறுத்தன. மாநகரில் அன்று இறந்த பதின்மூவருள் பதினொருவர் நிலவறைக் குடியிருப்புகளில் மாண்டவர்கள். வாடகை கொடுத்து மேலே வாழ வகையில்லாமல் கீழே வாழ்ந்த எளியவர் பலர் அவருள் இருந்தனர். பிள்ளைகளின் விளையாட்டறையாகத் தோன்றிய இடம், ஏழையின் உறைவிடமாகி, ஒரே இரவில் சிலருக்குப் புதைகுழியும் ஆயிற்று.

இவ்வரலாறு தரும் பாடம் யாது? தம் கைகளால் தம் இல்லத்தை விரித்துக்கொண்ட மக்களின் முயற்சி போற்றத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் நிலவறையை அறையாக்கும் வேலை நிலவறையில் தொடங்குவதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் கற்றனர். அது கூரையில் தொடங்குகிறது. மழைநீரைத் தாங்கும் தகரவாரி அடைப்பின்றி இருக்கிறதா, அது நீரைச் சுவரோரத்தில் கொட்டாமல் தொலைவில் விடுகிறதா, வீட்டைச் சுற்றியுள்ள மண் முதற் பத்தடியில் ஆறங்குலமாவது வெளிப்புறம் சரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மழைக்காலம் ஒன்று கழியும் வரை வெறுஞ்சுவரைக் கவனிக்க வேண்டும். காற்றைச் சோதிக்க வேண்டும். வெளியேறும் வழியை வெட்ட வேண்டும். அதன் பின்னரே முதற் பலகையைக் கையில் எடுக்க வேண்டும்.

கரியும் உலையும் போய்விட்டன. மண்ணும் நீரும் போகவில்லை, போகப்போவதும் இல்லை. அவற்றோடு இணங்கி வேலை செய்தவர் கட்டிய அறையில் பேரப்பிள்ளைகளும் விளையாடுகின்றனர். பலகையால் அவற்றை மறைத்தவரோ, அதே பலகையைப் பெயர்த்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.