தங்கவயலும் கைரேகையும்

ஆபீஸில் நான் பிடுங்கும் ஆணி கம்ப்யூட்டர் பாதுகாப்பு. வெளியே இருக்கும் ஹேக்கர் ஒரு பயம் என்றால், உள்ளே வேலை செய்பவரே எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்பது கம்பெனிகளுக்கு இன்னொரு பயம். இது ஒன்றும் புதிதல்ல. கோலார் தங்கவயலில் நம்மவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே இதை அனுபவித்தார்கள்.

1880களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் அங்கே சுரங்கங்களை நடத்த ஆரம்பித்தது. குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித் மக்கள்.

டன் கணக்கில் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம்தான் தேறும். பாறையை மூட்டை கட்டித் திருடி யாருக்கு என்ன லாபம்? அரைத்த கல்லைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையில் ஒரு சின்ன உருண்டை போதும், மடியில் முடிந்துகொண்டு போய்விடலாம். (இன்றைக்கு டேட்டாபேஸ் ஒரு பென் டிரைவில் போகிற மாதிரி!)

காவல் போட்டார்கள், சோதனை போட்டார்கள். 1897-ல் மைசூர் அரசு சுரங்கச் சட்டமும் கொண்டுவந்தது. தங்கக் கல்லோ கலவையோ கையில் இருந்தால், அது எப்படி வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டுபவர் நிரூபிக்க வேண்டாமாம். நல்ல நியாயம்!

1930-ல் நிர்வாகம், எல்லோரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏன் இவ்வளவு கோபம்? 1897-ல் கல்கத்தாவில் கைரேகை பீரோ தொடங்கியதே குற்றவாளிகளை அடையாளம் காணத்தான். வேலைக்கு வந்தவனிடம் அதைக் கேட்டால், 'நீ திருடன்' என்று முதல் நாளே சொன்ன மாதிரிதானே?

படிக்காதவர்களின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகக் கணினிகளில் புகுந்தவர்கள் 56 லட்சம் பேரின் கைரேகையை எடுத்துப்போனது தெரியவந்தது. பாஸ்வேர்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எங்கே போய் மாற்றுவது? ஊழியரைச் சந்தேகித்து வாங்கியதோ இல்லையோ, அதைப் பூட்டிவைக்க வேண்டிய கடமை வாங்கியவருடையது. என் தொழிலில் இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள்.

2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கவயல் பிள்ளைகள் பலர் இப்போது தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே பல ஆபீஸ்களில் விரலை வைத்தால்தான் வருகைப்பதிவே.