முன்னூத்தி அறுபத்தஞ்சு படியும் ஒரு தாத்தாவும்

ஆணி அதிகமானதால் இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. இந்தப் பதிவு போன டிசம்பர் கடைசியிலேயே எழுதியிருக்க வேண்டியது. "லீவுல தாத்தா பாட்டிகூட என்னத்த பேசறது, அவங்களுக்கு சீரியல், நமக்கு செல்போன்"னு ஒரு நண்பர் புலம்பியிருந்தார். அதைப் படிச்சதும் எங்க ஊர் ஞாபகம் வந்துடுச்சு. கொசுவத்தி சுத்தப் போறேன், நடுவுல கொஞ்சம் சரித்திரமும் வரும். பொறுத்துக்குங்க.

எங்க ஊர் திருத்தணி. சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். சென்ட்ரலில் ஏறினால் அரக்கோணம் தாண்டியதும் அடுத்த பெரிய ஊர். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் ஆந்திரா வந்துடும். முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது இங்கே. மலைக்குப் படி 365. வருஷத்துக்கு 365 நாள், அதுக்கு ஒரு நாளைக்கு ஒரு படின்னு கணக்கு. (லீப் வருஷத்துக்கு என்ன பண்றதுன்னு யாரும் யோசிக்கலை. இந்த பக் இன்னும் ஓப்பனாத்தான் இருக்கு.)

இந்த ஊரில் டிசம்பர் 31 ராத்திரி யாரும் தூங்க மாட்டாங்க. கேக் வெட்டறதுக்காக இல்லை, படித் திருவிழாவுக்காக. அடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கமிருந்து பஜனைக் கோஷ்டிகள் ஒண்ணொண்ணா கிளம்பும். ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. கீழே நின்னு பார்த்தா மலை மேல ஒரு நெருப்புக் கோடு வளைஞ்சு போற மாதிரி இருக்கும். ராத்திரி 12 மணிக்கு மேலே சந்நிதியில் சிறப்பு தரிசனம். இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கும் முருகனுக்கும் என்னய்யா சம்பந்தம்னு வெளியூர் நண்பர்கள் எல்லாரும் கேட்டிருக்காங்க. சம்பந்தம் இருக்கு. வெள்ளைக்காரன் இல்லாம இந்தத் திருவிழாவே கிடையாது.

வள்ளிமலை சுவாமிகள் என்று ஒருத்தர். சச்சிதானந்த சுவாமிகள் என்பது துறவுப் பெயர், வீட்டில் வைத்த பெயர் அர்த்தநாரி. 1870ல் கொங்கு நாட்டுப் பக்கம் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. பெரிய படிப்பெல்லாம் இல்லை. தீராத வயிற்று வலி வந்து பழனிக்குப் போனவர், அங்கே திருப்புகழ் பாடக் கேட்டு அதிலேயே விழுந்துட்டார். எழுத்துக்கூட்டிப் படிச்சே அத்தனை பாட்டையும் மனப்பாடம் பண்ணினார் என்று சொல்வாங்க. பிறகு திருவண்ணாமலை, ரமணர், சேஷாத்ரி சுவாமிகள் என்று சுத்தி, கடைசியில் வேலூர்ப் பக்கம் இருக்கிற வள்ளிமலையில் தங்கிட்டார். 1950ல் காலமானார்.

இவர் கையில் திருப்புகழ் புஸ்தகம் கிடைத்ததே ஒரு பெரிய கதை. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பாட்டெல்லாம் ஓலைச்சுவடிகளில் ஊர் ஊராக் கிடந்தது. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, கோர்ட்டில் முன்சீப்பாக இருந்தவர், வேலை நேரம் போக ஊர் ஊராச் சுவடி தேடிச் சேர்த்து, 1890களிலிருந்து அச்சில் கொண்டு வந்தார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைத் தொடர்ந்தார். அவருக்குத் தணிகைமணி என்றே பட்டம். அதாவது எங்க ஊர்ப் பேர். நாம ஆபீஸ் வேலை போக வார இறுதியில் பதிவு எழுதறதுக்கே சலிச்சுக்கறோம். அந்தக் காலத்தில் முன்சீப் வேலையும் பார்த்துக்கிட்டு, மகனையும் அதே பைத்தியத்தில் இறக்கி விட்டிருக்கார் மனுஷன்!

சரி, திருவிழாவுக்கு வருவோம். அப்போ ஜனவரி 1 அன்னிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நம்ம ஆட்கள் எலுமிச்சம்பழமும் மாலையும் பழத்தட்டுமா வெள்ளைக்காரத் துரை பங்களா வாசல்ல போய் நிப்பாங்க. குமாஸ்தாவிலிருந்து மிராசுதார் வரை. துரை வெளியே வந்து தலையாட்டினாப் போதும், அந்த வருஷம் ஓடிடும். வள்ளிமலை சுவாமிகளுக்கு இது பிடிக்கலை. வருஷத்தின் முதல் நாள் வணக்கம் துரைக்குப் போறதுக்குப் பதில், தணிகை மலையில் இருக்கிற துரைக்குப் போகட்டும்னு முடிவு பண்ணி, 1917 டிசம்பர் 31 அன்னிக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு திருத்தணிக்கு வந்து, படிக்கு ஒரு பாட்டாப் பாடிக்கிட்டே ஏறினார். முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த சமயம்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. அவர் ஜனவரி 1ஐ வேண்டாம்னு தூக்கிப் போடலை. சித்திரை ஒண்ணுக்கு வாங்கடான்னு சொல்லியிருக்கலாம், சொல்லலை. ஜனங்க ஏற்கெனவே லீவுல இருக்கிற நாள், ஏற்கெனவே யாரையாவது பார்த்துக் கும்பிடணும்னு கிளம்பற நாள். போற இடத்தை மட்டும் மாத்திட்டார். (இங்கிலீஷ்காரனுக்கே அந்த நாள் ஆதிகால வழக்கம் ஒண்ணும் கிடையாது. 1752 வரைக்கும் இங்கிலாந்தில் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25ல்தான் ஆரம்பிச்சது!)

தாத்தா பாட்டி விஷயத்துக்கு இங்கேதான் வரேன். எங்க ஊரில் பெரிய திருவிழான்னா ஆடிக் கிருத்திகை. லட்சக்கணக்கில் காவடி வரும். ஆனா அது ஜூலை, ஆகஸ்டில் வரும். பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். ஒரு நாள் லீவு கிடைச்சா அதிகம். சென்னையில் படிக்கிற பேரப் பிள்ளைகள் வர முடியாது. டிசம்பர் 31 அப்படியில்லை. அரைப் பரீட்சை முடிஞ்சு, கிறிஸ்துமஸ் லீவு விட்டு, பிள்ளைங்க எல்லாம் எப்படியும் தாத்தா வீட்டில்தான் இருக்கும். வெள்ளைக்காரன் அவன் பண்டிகைக்காக விட்ட லீவு, ஒரு சாமியார் அவனுக்கு எதிரா ஆரம்பிச்ச திருவிழா, ரெண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்து, எங்க வீட்டில் பேரன் பேத்தி எல்லாரும் வருஷா வருஷம் ஒரு ராத்திரி முழுக்கத் தாத்தாகூட இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. எங்க தாத்தாவை அவங்க தாத்தா தோள் மேல தூக்கிக்கிட்டு ஏறியிருக்கார். அந்த எள்ளுத்தாத்தா வள்ளிமலை சுவாமிகளை நேரில் பார்த்தவர், அவர் பாடக் கேட்டவர் என்று வீட்டில் பேச்சு.

தாத்தா ஆரம்பப் பள்ளி வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். சும்மா ஏறினா பிள்ளைங்க தூங்கிடும்னு அவர் ஒரு விளையாட்டு வெச்சிருந்தார். முதல் படி ஜனவரி 1. அப்புறம் ஒவ்வொரு படியும் ஒரு தேதி. அவங்கவங்க பிறந்தநாள் படி வரும்போது அவங்கதான் கற்பூரம் வைக்கணும். என்னுது ஆகஸ்ட் 2, அதாவது 214ஆவது படி. அக்காவுது 67, சீக்கிரம் வந்துடும், அவளுக்கு அதுல ஒரு திமிர். 248ல் எல்லாரும் நிக்கணும். செப்டம்பர் 5. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888ல் பிறந்தது எங்க ஊரில்தான். "நம்மூர்ல பொறந்து இந்தியாவுக்கே ஜனாதிபதி ஆனவருடா, கும்புடு"ன்னு வாத்தியார் மிடுக்கோட சொல்வார். தெருவில் ஒருத்தர், "அவரு தெலுங்குக்காரர் ஸார்"னு வம்புக்கு இழுப்பார். அவர் பிறந்தப்போ இது வட ஆற்காடு ஜில்லா, மொத்தமும் சென்னை ராஜதானிதானேய்யா, நீ எங்க கோடு போடறேன்னு தாத்தா கேட்பார்.

ஆயா ஏற மாட்டாங்க. வீட்டிலேயே இருந்து, விடியக்காலை நாங்க இறங்கி வர்றப்போ வெந்நீர் போட்டு வெச்சிருப்பாங்க. திருவிழாவில் அவங்க பங்கு அந்த வெந்நீர்தான். அதைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.

வேலைக்குச் சேர்ந்தப்புறம் நாலு வருஷம் நான் போகலை. வருஷக் கடைசியில் ஆன்சைட்காரன் எல்லாம் லீவில் போவான், அவன் லீவுக்கு நாம ஆன்கால். கல்யாணம் ஆகாதவன், குழந்தை குட்டி இல்லாதவன், உனக்கென்னப்பான்னு என் தலையில் கட்டிடுவாங்க. நானும் தலையாட்டிடுவேன். இதை எழுதும்போதுதான் தோணுது, துரை பங்களா வாசல்ல எலுமிச்சம்பழத்தோட நின்னவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூணாவது வருஷம் அக்கா குடும்பமும் வரலை. தாத்தா தனியாப் போயிட்டு வந்திருக்கார். எனக்கு ஏப்ரல்லதான் தெரியும், அதுவும் ஆயா சொல்லி.

போன வருஷம் நவம்பரில் தாத்தா போன் பண்ணினார். அவராப் போன் பண்றது அபூர்வம். "இந்த வாட்டி வருவியாடா?" அவ்வளவுதான். மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொன்னேன். உலகம் ஒண்ணும் அழிஞ்சுடலை.

தாத்தாவுக்கு இப்போ 79. முழங்கால் ரெண்டும் போச்சு. வண்டியிலேயே மேல போயிடலாம் தாத்தா, ரோடு இருக்கேன்னேன். "வண்டியில போறதுக்கு ஆடி மாசமே போலாமே"ன்னுட்டார். அக்கா பொண்ணு, ஆறு வயசு, அவளும் வந்திருந்தா. அவளுக்கு முதல் தடவை. விளையாட்டைச் சொல்லிக் கொடுத்து ஒரு கையில் அவளையும் ஒரு கையில் கம்பியையும் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சார். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்காருவார். பின்னாடி வர்ற கோஷ்டிகள் எங்களைச் சுத்திக்கிட்டு ஏறிப் போய்க்கிட்டே இருந்தாங்க. ஆந்திரா கோஷ்டி ஒண்ணு அதே திருப்புகழைத் தெலுங்கு வாடையோட பாடிக்கிட்டுப் போச்சு.

அக்கா படி வந்தது. அக்கா வரலை, பொண்ணுதான் கற்பூரம் வெச்சா. அதுக்கப்புறம் தாத்தாவுக்கு ரொம்ப மூச்சு வாங்கிச்சு. ஒரு இடத்துல உட்கார்ந்தவர் எழுந்திருக்கலை. என் கணக்குப்படி 91.

"எந்தத் தேதிடா?"

"ஏப்ரல் ஒண்ணு தாத்தா."

"அட, அப்ப சரியாத்தான் உக்காந்திருக்கேன். நான் இங்கயே இருந்துக்கறேன்"னு சிரிச்சார். முட்டாள்கள் தினத்தைச் சொல்றார்னு நினைச்சேன். அதில்லை.

1911ல் சித்தூர் ஜில்லான்னு புதுசா ஒண்ணு உண்டாக்கினப்போ திருத்தணி அதில் போயிடுச்சு. எல்லாம் ஒரே ராஜதானியா இருந்தவரை அது பிரச்சினையில்லை. 1953 அக்டோபர் 1ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனதும் சித்தூர் ஜில்லாவோட சேர்ந்து நாங்களும் ஆந்திரா. ம.பொ.சி., மங்கலங்கிழார், எங்க ஊர் வக்கீல் விநாயகம் எல்லாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினாங்க. மறியல், ஜெயில், கடையடைப்பு. 1956ல் மொழிவாரியா மாநிலங்களைப் பிரிச்சப்பவும் இது தீரலை. படாஸ்கர்னு ஒருத்தரை மத்தியஸ்தம் பண்ண வெச்சு, 1959ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு, திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்கு சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போச்சு. திருப்பதி, சித்தூர், புத்தூரெல்லாம் அங்கேயே நின்னுடுச்சு. சட்டம் அமலுக்கு வந்த நாள் 1960 ஏப்ரல் 1.

இதெல்லாம் நான் புஸ்தகத்தில் படிச்சது. தாத்தா சொன்னது வேற மாதிரி. அவருக்கு அப்போ 13 வயசு. "முந்தின நாள் ராத்திரி ஆந்திராவுல படுத்தோம், காலையில தமிழ்நாட்டுல எழுந்தோம். அப்ப மெட்ராஸ் ஸ்டேட்டுன்னு பேரு. ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம். ஆனா என் கூடப் படிச்ச பையன் ஒருத்தன், தெலுங்குக்காரன், மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தான். அவன் ஊரு ஒரு மைல் தள்ளி அந்தாண்ட நின்னுடுச்சி. அவன் தாத்தா வூடு இந்தாண்ட. லீவுக்கு வந்தா 'டேய், வெளிமாநிலத்துக்காரன் வந்துட்டான்டா'ன்னு ஓட்டுவோம். அவனும் படி ஏற வருவான், எங்கூடத்தான் ஏறுவான். ரொம்ப வருஷம் வந்தான்."

இத்தனை வருஷம் ஏறியும் இந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "இந்தப் படியில எங்கடா நின்னோம்? நீ உன் படிக்கு ஓடிகினே இருப்ப"ன்னார்.

பொண்ணுக்குப் பொறுமை போயிடுச்சு. அவ பிறந்தநாள் அக்டோபர், 290க்கு மேல. "நீ கூட்டிகினு போ, நான் எங்கயும் போயிட மாட்டேன்"னு பையிலிருந்த கற்பூர டப்பாவை எடுத்து என்கிட்ட கொடுத்தார். போனோம். 214ல் நானும் ஒண்ணு வெச்சேன். 248ல் அவளைக் கும்பிட வெச்சு, ராதாகிருஷ்ணன் கதையை வாத்தியார் குரல்லயே சொன்னேன், பின்னாடி வந்த கோஷ்டியில் ஒருத்தர் திரும்பிப் பார்த்து சிரிச்சார். மேல கூட்டம் நெரிசல். தரிசனம் முடிச்சு இறங்கும்போது மணி ரெண்டு.

தாத்தா அதே இடத்தில் சால்வையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நகரியிலிருந்து வந்த ஒரு பெரியவர், அவருக்கும் முழங்கால்தான், ரெண்டு பேரும் தெலுங்கில் ஏதோ பேசிக்கிட்டிருந்தாங்க. பொண்ணு விபூதியை எடுத்து தாத்தா நெத்தியில் பூசி விட்டா. பாதி கண்ணுல விழுந்துச்சு.

"மொத்தம் எத்தினி படி எண்ணினே?"

"முன்னூத்தி எழுபத்தி ரெண்டு."

"சரியா எண்ணியிருக்கே"ன்னார் தாத்தா.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது 358ன்னு சொன்னேன். அப்பவும் இதையேதான் சொன்னார் :-)